கோட்டு போடாத லாசர்

படம் வரைவதைப் பிழைப்பாக எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் சிலர் ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரியாக என்னிடம் கேட்டுவிட்டீர்கள். வருகிற ஆள் கேட்பதை வரைந்து கொடுப்பதா, நமக்குச் சரி என்று படுவதை வரைவதா? கேட்ட உடனே எனக்கு வாய் வரவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அது போதாதென்று, எதைச் சொன்னாலும் விபரீதமாகப் போய்விடுமோ என்று பயப்படுகிற சுபாவம். ‘மனசுக்குப் பட்டதை வரையுங்கள்’ என்று நான் சொல்லி, அதை நம்பி உங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் போனால் அந்தப் பாவம் யாருக்கு? வீட்டில் உட்கார்ந்தும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பதில் கிடைக்கவில்லை. ஆனால் தொண்ணூறுகளில் நடந்த ஒரு காரியம் உண்டு. பதிலுக்குப் பதிலாக அதைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் முதலில் நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். இறந்துபோனவர்களின் சின்னப் போட்டோவைக் கொண்டுவருவார்கள். அதைப் பெரிதாக்கி, மேலே நிறம் கொடுத்து, சுவரில் மாட்டுகிற மாதிரி செய்து கொடுக்க வேண்டும். வருகிற போட்டோவில் முகத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுக்கும் ஆகாது. யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு கூட்டமாக நின்றதாக இருக்கும். முகத்தை மட்டும் எடுத்து, ஏற்கெனவே தயாராக இருக்கும் ஓர் உடம்பின்மேல் வைப்போம். ஆண் என்றால் கருப்புக் கோட்டு, சிவப்பு டை. பெண் என்றால் நீலப் பட்டுச்சேலை, கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி. ரப்பர் வெட்டியவர், மீன் விற்றவர், மாடு தரகு பார்த்தவர், எல்லோருக்கும் அதே கோட்டுதான். பாறசாலையிலிருந்து காட்டாக்கடை வரை அந்தக் காலத்தில் இறந்த ஆண்களில் பாதிப் பேராவது அந்த ஒரே கோட்டுக்குள்தான் சுவரில் இருப்பார்கள்.

அதியன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நாங்கள்தான் படம் செய்தோம். தம்பியின் மனைவி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “உயிரோட இருக்கும்போ ஒருத்தனுக்க வேட்டிய இன்னொருத்தன் தொட விடமாட்டான். செத்த பெறவு பாருங்க, ஒரே கோட்டுல ரெண்டுபேரும்!”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஸ்டூடியோ முதலாளியும் சிரித்தார். ஆனால் அவர் முட்டாள் இல்லை. பிறகு என்னிடம், “மக்கா, ஜனங்க படத்துக்காவ இஞ்ச வரல்ல. மரியாதைக்காவ வருது. அத நாம குடுக்கோம், அவ்வளவுதான்” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அந்தக் கோட்டுப் படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டூடியோவை விட்டு நான் வெளியே வந்தது கொள்கையினால் இல்லை, பயத்தினால். ஒருநாள் ஒரு படத்தை முடித்து, தூர நின்று பார்த்தேன். யாருடைய படம் என்று எனக்கே தெரியவில்லை. பின்பக்கம் திருப்பிப் பெயரை வாசித்த பிறகுதான் தெரிந்தது. இப்படியே போனால் நான் வரைவது யார் என்பது எனக்கு வேண்டாததாகிவிடும் என்று பயந்தேன். பாறசாலையில் என் வீட்டு முன்னறையைக் காலி செய்து தனியாக உட்கார்ந்தேன். எனக்கு நானே ஒன்று வைத்துக்கொண்டேன். படம் கேட்பவர்களின் வீட்டுக்குப் போய், ஆள் எப்படி இருந்தார், என்ன உடுத்தினார், எங்கே உட்காருவார் என்று கேட்டு, உடம்பையும் அவருடைய உடம்பாகவே வரைய வேண்டும். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, “ஸ்டூடியோக்காரன் இருந்த இருப்புல படம் செய்வான். நீங்க ஒரு படத்துக்கு ஊரு முழுக்க நடந்து செருப்பு தேய்ப்பிய” என்றாள். அப்படியேதான் ஆயிற்று.

அந்த நாட்களில்தான் சேவியர் வந்தார். வாடகை ஜீப்பில் வந்து இறங்கினார். வளைகுடாவில் பல வருஷம் இருந்தவர் என்பது சட்டை மணத்திலேயே தெரிந்தது. கூட அவருடைய தங்கை பிலோமினா. பொழியூர்க் கடற்கரையில், மீன்பிடிக்கிற குடும்பம். பிலோமினாவின் கணவர் லாசர் கட்டுமரத்தில் போய்த் திரும்பி வராதவர். மகள் செலின் அப்போது கைக்குழந்தை. இப்போது செலினுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது.

“ஆர்ட்டிஸ்டே, காரியம் இதாக்கும்” என்றார் சேவியர். “எனக்க அளியன், இவளுக்க மாப்பிள. கடல்ல போனவன், ஆளு கிட்டல்ல. பிள்ள பள்ளிக்கு எறங்கும்போ அப்பனுக்க படத்துக்கு முன்ன நின்னு ஸ்துதி சொல்லணும். நல்ல பெருசா வேணும். கோட்டு, டை, கையில வாச்சு, எல்லாம் கெடக்கட்டு.”

அவர்கள் வழக்கத்தில், மணப்பெண் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, புறப்படும் முன் பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று ஸ்துதி சொல்லி ஆசி வாங்குவாள். இறந்தவர் என்றால் படத்தின் முன்னால் நிற்பாள். மற்ற வீடுகளில் கல்லறைக்கும் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவார்கள். லாசருக்குக் கல்லறை கிடையாது. உடல் கிடைத்தால்தானே கல்லறை.

“கோட்டுப் படத்துக்கு நெய்யாற்றின்கரையில ஸ்டூடியோ உண்டே” என்றேன்.

“நானும் அதத்தான் சொன்னேன். இவ கேக்கல்ல” என்று தங்கையைக் காட்டினார்.

பிலோமினா என் பக்கம் திரும்பினார். “எங்க பக்கத்து வீட்டு மாமிக்க படம் நீங்க வரச்சதுதானே அண்ணே? மீன்குட்டைய எறக்கி வச்சிட்டு இடுப்புல கைய குடுத்து நிக்கியது. அதுல ஆளு உண்டு” என்றார்.

இந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன். போட்டோவைப் பார்க்காமலே சரி என்றேன். பிள்ளைகளே, அப்படிச் செய்யாதீர்கள்.

போட்டோ என்று அவர்கள் கொடுத்தது, புது வள்ளம் ஒன்றை மந்திரிக்கும்போது எடுத்த கூட்டப் படம். நடுவில் அச்சன், பங்குப் பாதிரியார், நிற்கிறார். லாசர் பின்வரிசையில். சரியாகப் படம் எடுக்கிற நேரம் பார்த்து முன்னால் நின்ற ஒருவர் வெயிலுக்காகத் துண்டை உயர்த்தியிருக்கிறார். லாசரின் நெற்றி, கண், மூக்கின் பாதி எல்லாம் துண்டுக்குப் பின்னால் போய்விட்டன. தெரிந்தது வாய், தாடை, ஒரு காது, கழுத்து. வேறு படம் கிடையாது.

இந்த இடத்தில் எனக்கு வந்த பயம் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்த நினைவு இல்லாதவள். நான் எந்தக் கண்ணை வைக்கிறேனோ அதுதான் அவளுக்கு அப்பனின் கண். நான் வரைவது படமாக நிற்காது, அப்பனாகவே ஆகிவிடும். அவள் பிள்ளைகள் பிறந்து, இதுதான் தாத்தா என்று காட்டும்போதும் அதே கண்தான். ஸ்டூடியோவில் இருந்த பழக்கத்தில், பொருத்தமாக ஒரு ஜோடிக் கண்ணை வைக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போதும். யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வராது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பொழியூருக்குப் போனேன். செலின்தான் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். துடிப்பான பெண். நான் கேட்பதற்கு முன்பே, “அப்பாக்க கண்ணு எனக்க கண்ணு மாதிரியாக்கும். அம்ம எப்பவும் சொல்லும். வேணுமெங்கி என்னையப் பாத்து வரச்சிக்கிடுங்க” என்று சொல்லி, அசையாமல் என் முன்னால் உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியும் வந்தது. வழி கிடைத்துவிட்டதே!

பென்சிலை எடுத்தேன். பிலோமினா ஏதோ சாமான் சொல்லி மகளைக் கடைக்கு அனுப்பினார். அவள் வேலி தாண்டுகிறவரை பார்த்து நின்றார்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா ஆருட்டயும் சொல்லப்பிடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“எனக்கு அவருக்க முகம் ஞாபகத்துல இல்ல.”

பென்சிலைக் கீழே வைத்தேன்.

“மொதல்ல எல்லாம் கண்ண மூடினா உடனே வரும். பெறவு பாதி வந்துது. இப்போ எவ்வளவு நேரம் மூடி இருந்தாலும் ஒண்ணும் வராது. பிள்ள அப்பாக்க கண்ணு எப்படி, சிரிப்பு எப்படின்னு கேக்கும்போ, உன்னைய மாதிரிதான் மக்கான்னு சொல்லிச் சொல்லி வச்சேன். வேற என்ன சொல்லட்டு? கூடக் கெடந்தவனுக்க முகத்தக் களஞ்சவ நான். நீங்க இப்போ ஒரு முகத்த வரச்சா நானும் அது அவருதான்னு நம்பிருவேன். அதாக்கும் எனக்குப் பேடியும் பயமும்.”

கல்யாணத்துக்குப் பிறகு பிலோமினாவே இதை மகளிடம் சொல்லிவிட்டார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிலைமையை யோசித்துப் பாருங்கள். வந்த வேலையே முகத்தைக் கேட்டு வரைவது. முகம் அந்த வீட்டில் யாரிடமும் இல்லை. மகள் கண்ணை வரைந்தால் அது இந்த அம்மா சொன்ன ஆறுதல் வார்த்தையை வரைந்ததாக ஆகும்.

எழுந்து போகவும் முடியாமல், “கடற்கரைக்குப் போயிட்டு வரலாமா?” என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான். காற்று வேண்டியிருந்தது. பிலோமினா மீன் சுமக்கும் குட்டையை எடுத்துக்கொண்டு கூட வந்தார்.

கட்டுமரங்கள் திரும்பி வருகிற நேரம். பெண்கள் குட்டைகளோடு மணலில் நின்றார்கள். தூரத்தில் கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தது. அதன்மேல் எறும்பு மாதிரி ஓர் ஆள்.

“மிக்கேலாக்கும்” என்றாள் ஒருத்தி.

“போட்டீ, மிக்கேலு இப்படியா வளஞ்சு நிப்பான்? அது அவனுக்க தம்பி. அவனுக்க கல்யாணத்துக்குப் பெறவு முதுகு வளஞ்சு போச்சு” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

மரம் பக்கத்தில் வந்தது. தம்பிதான்.

எனக்கு அந்த இடத்திலேயே உறைத்தது. இந்தப் பெண்கள் தங்கள் ஆண்களை முதலில் முகத்தை வைத்துத் தெரிந்துகொள்வதில்லை. தினமும் கடலைப் பார்த்து நின்று, முகம் தெரிவதற்கு வெகு நேரம் முன்பே, நிற்கிற நிலையை வைத்து ஆளைச் சொல்லிப் பழகியவர்கள். நான் இவ்வளவு நேரம் மூக்கையும் கண்ணையும் கேட்டுக்கொண்டிருந்தது தப்பான கேள்வி.

“லாசர் எப்படி நிப்பாரு?” என்று பிலோமினாவிடம் கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. குட்டையைக் கீழே வைத்தார். இடது காலை முன்னால் போட்டு, உடம்பின் பாரத்தை வலது காலில் கொடுத்து, இடது தோளைத் தாழ்த்தி நின்றார். தலை கொஞ்சம் சாய்ந்தது. ஒரு பெண் நிற்கிற நிற்பாக அது இல்லை. வேறொருவர் வந்து அவர் உடம்புக்குள் நின்றதுபோல் இருந்தது. பிறகு வலது கையை நெற்றிமேல், வெயிலுக்கு மறைப்பாக வைத்தார்.

“கரை அடுக்கும்போ துழாவியத விட்டுட்டு இப்படி எழும்பி நிப்பாரு. நான் வந்து நிக்கியனான்னு பாக்கியதாக்கும். எனக்க எடம் அந்தத் தெங்குக்க மூடு. அங்கதான் நிப்பேன்” என்று ஒரு தென்னையின் அடியைக் காட்டினார்.

கையை இறக்காமலே என்னைப் பார்த்து, “இது எப்படி அண்ணே மறக்காம இருக்கு?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து வரையத் தொடங்கினேன். ஆள் உயரத்துக்கு இல்லை, முழங்காலுக்கு மேல். பழைய சட்டை, மேல் பித்தான் திறந்தபடி. தலையில் துண்டு. தாழ்ந்த தோள். நெற்றிமேல் கை. வாயும் தாடையும் காதும் போட்டோவில் இருந்தபடியே. அந்தக் கையின் நிழல் கண்மேல் விழும் அல்லவா? அந்த நிழலை நிழலாகவே விட்டேன். அதற்குள் கண் இருப்பது தெரியும். எப்படிப்பட்ட கண் என்று தெரியாது. எங்கே பார்க்கிறது என்பது மட்டும் தெரிய, உள்ளே சின்னதாக வெளிச்சம் வைத்தேன். அவருடைய கண் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அது எங்கே பார்த்தது என்று சொல்ல ஆள் இருந்தார்.

இதை எழுதும்போது ஏதோ பெரிய தைரியத்தோடு செய்ததுபோல் படுகிறது. அப்படி இல்லை. தெரியாததை நிழலால் மூடி ஏமாற்றுகிறேனோ என்று தினமும் சந்தேகம். போதாததற்கு நல்ல மழைக்காலம். ஆயில் காயவில்லை. அடிக்கொரு தரம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நானே ஓரத்தில் ரேகை பதித்து, அதைச் சரி பண்ணி, திரும்பவும் காயவில்லை என்று கவலைப்பட்டேன்.

பாதியில் சேவியர் வந்து பார்த்தார். அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார்.

“கோட்டு எங்க?”

“அவரு போட்டதில்லியே.”

“முகம் எங்கே ஆர்ட்டிஸ்டே? நெழலு வரைய நீங்க எதுக்கு? எனக்க அளியனுக்கு முகமில்லியா?”

“அவருக்க கண்ணு எனக்குத் தெரியாது. தெரியாத கண்ண வச்சா, பிள்ள வேற ஆருக்கோ முன்ன நின்னு ஸ்துதி சொன்ன மாதிரி ஆகும்.”

குரல் எனக்கே கேட்காத அளவில்தான் வந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை.

“மாப்பிள வீட்டுக்காரங்க வாத்தியாரு குடும்பம். பெண்ணு பாக்க வந்தப்போ அதுல ஒருத்தன் மூக்கப் பொத்தினான், மீன் வாட அடிக்குதுன்னு. நான் பாத்துட்டுதான் நின்னேன். அந்த ஆளு நாளைக்கு வீட்டுக்க உள்ள ஏறும்போ மொதல்ல இந்தப் படத்ததான் பாப்பான். தலையில துண்டும் கெட்டிட்டு நிக்கியவனப் பாத்தா என்ன நெனைப்பான்? எனக்க அளியன் கோட்டு போடாதவன்னு சொல்லுதியளே. போட்டிருப்பான். கடல் விட்டிருந்தா போட்டிருப்பான்.”

பிரஷ் என் கையில்தான் இருந்தது. ஒரு கோட்டைப் போட்டு விடுவோமா என்று உண்மையாகவே நினைத்தேன். அவருடைய வேதனை பொய் இல்லை. அப்படியிருக்க அவர் கேட்ட கோட்டு மட்டும் எப்படிப் பொய்யாகும்? ஆனால் தாழ்ந்த அந்தத் தோளைப் பார்த்தேன். கோட்டு போட்டால் தோள் நேராகிவிடும். ஸ்டூடியோக் கோட்டு அப்படித்தான். எல்லோர் தோளையும் நேராக்கிவிடும். தோள் நேராகிவிட்டால் பிலோமினாவிடம் மிச்சமிருப்பதும் போய்விடும்.

“எனக்குக் கழியாது. போட முடியாது” என்றேன்.

“சரி” என்று சொல்லி எழுந்து போனார். ஜீப் நெய்யாற்றின்கரைப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், படத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஆயில் எங்காவது ஒட்டிக்கொள்ளுமோ என்று பஸ்ஸில் உட்காராமல் பிடித்து நின்றபடியே பொழியூர் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். முன்னறையில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் லாசர். கருப்புக் கோட்டு, சிவப்பு டை, கையில் வாச்சு. பழகிய கோட்டு, எனக்குத் தெரியாதா? அகலத் திறந்த அழகான கண்கள். வந்தவர்கள் அங்குமிங்கும் நகர்ந்து, “எங்க நின்னாலும் நம்மளத்தான் பாக்குது கேட்டியா!” என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நேராகப் பார்க்கிற கண்ணை வைத்தால் அது எல்லோரையும் பார்க்கும். ஸ்டூடியோவில் முதலில் கற்றுக்கொடுப்பதே அதுதான்.

வந்தவழியே திரும்பத்தான் நினைத்தேன். பிலோமினா பார்த்துவிட்டார். என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சமையல்கட்டை ஒட்டின இருட்டான அறை. அரிசிச்சாக்குக்கு மேலே ஓர் ஆணி இருந்தது. நானே மாட்டினேன்.

பின்கதவு திறந்திருந்தது. வெளியே தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, “ஏ பிலோமினா! லாசரு வந்து நிக்கான்!” என்று சொல்லிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் எழுந்து பார்த்தார்கள். யாரும் முற்றத்தை விட்டுப் பக்கத்தில் வரவில்லை. துருவுகிற சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அது கொஞ்ச நேரம்தான். செலின் வந்தாள். கையில் மருதாணி. படத்துக்கு வெகு அருகில் போய், நிழலுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“முகம் காணல்லியே” என்றாள். பிறகு அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினாள். “எல்லாப் பிள்ளையளுக்கும் அப்பா உண்டு. எனக்குப் படம்தான் கிட்டும்னு சொன்னாங்க. அதுலயும் நெழலா? எனக்க கண்ணப் பாத்து வரைங்கன்னு சொன்னேன் இல்லியா?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாக்குக் கொடுத்தவன். என்ன சொல்வது? சேவியர் கதவருகே நின்றிருந்தார். “நான் அப்பவே சொன்னேன்” என்றார். அதில் ஜெயித்த குரல் இல்லை. அவருக்கும் பிள்ளை அழுவது பொறுக்கவில்லை. நான் சாயாகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிள்ளைகளே, நம்முடைய மனசாட்சிப்படி நடந்ததற்காக இன்னொருவர் அழுதால், அந்த நேரம் நமக்கு ஒரு நியாயமும் கைகொடுக்காது. அவளுக்கு வேண்டியது ஒரு முகம். எனக்கு வரையத் தெரியும். கொடுக்கவில்லை. இதை நீங்களும் ஒருநாள் தாண்டித்தான் ஆக வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் வேண்டாம் என்று சொல்வது என் பிடிவாதத்துக்காகவா, அந்தப் படத்தில் இருக்கிற ஆளுக்காகவா? என் பெயர் நிற்க வேண்டும் என்பதற்காக என்றால் கோட்டைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அதில் யாருக்காவது கொஞ்சம் சந்தோஷமாவது கிடைக்கும்.

மறுநாள் போகாமல் இருக்கத்தான் ஆசை. போகாவிட்டால் கோபித்துக்கொண்டு நின்றதாகிவிடுமே என்று போனேன். ஒருவர் கண்ணிலும் படாமல் பின்பக்கமாக, சமையல்கட்டு வாசலில் போய் ஒதுங்கினேன். முன்னறையில் வீடியோக்காரனின் வெளிச்சம். கோட்டு போட்ட லாசருக்கு முன்னால் செலின் ஸ்துதி சொல்வது கேட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். சேவியரும் ஒரு கோட்டு போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய, நிமிர்ந்து நின்றார். அவர் கேட்ட மரியாதை அந்த வீட்டில் கிடைத்தது. அது அந்த ஸ்டூடியோப் படத்தினால் கிடைத்தது. அதை நான் மறுக்க மாட்டேன். என் படத்தை வந்தவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு உள்ளறையில் சேலை உரசுகிற சத்தம் கேட்டது. செலினும் அம்மாவும் மட்டும். செலின் என் படத்துக்கு அருகில் போய் நின்றாள்.

“அம்ம, அப்பா ஆரையாக்கும் பாக்கியது?”

“என்னையதான். தெங்குக்க மூட்டுல நிப்பேன் இல்லியா. நீ எனக்க இடுப்புல இருப்ப.”

வீடியோக்காரன் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். பின்னாலேயே வந்த சேவியர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். “எலே, லைற்ற அணச்சிட்டு வெளிய நில்லு” என்று மெல்லச் சொன்னார். அவரும் வாசற்படி தாண்டவில்லை.

பிலோமினா மகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“இவ்வளவு பக்கத்துல போவாத மக்கா. இஞ்சோட்டு வா. இன்னும் கொஞ்சம் வலத்தோட்டு. ஆ, அங்ஙன நில்லு. இப்போ சொல்லு. அங்க நின்னாத்தான் அப்பாக்கு உன்னையக் காணும்.”